லொம்புவின் இடது கொம்பு

ஆபித் பாஷாவுக்கு எதைக் கண்டாலும் "ச்சீ"தான். டீயில் ஆடை மிதந்தால் ச்சீ. பஸ் ஜன்னல் வழியாக எவனாவது பாக்கைத் துப்பினால் ச்சீ. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கேமராவுக்காக அடிமேல் அடி வைத்து நடந்து வந்தால், பெண்ணின் தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் காதில் விழும்படியே ச்சீ. மனுஷனுக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தை ஷூவில் குற்றம் குறை கண்டுபிடிப்பதிலேயே கழித்தவர். அவர் மூஞ்சி வேறெப்படி இருக்கும்?

ஆம்பூரில் வீடு. மாதனூர்ப் பக்கம் ஹைவேயை ஒட்டியிருந்த ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அங்கே அவர்தான் கடைசிச் செக்கர். தோலை வெட்டி, தைத்து, சோல் ஒட்டி, பாலிஷ் போட்டு, எல்லாம் முடிந்து அட்டைப்பெட்டிக்குள் போகும் முன்னால் ஒவ்வொரு ஜோடியும் அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். இரண்டு குதிகாலையும் ஒட்டவைத்து உயரம் பார்ப்பார். உள்ளே கையை விட்டுத் தடவுவார். லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்கை மடக்கித் தையலைப் பார்ப்பார். சரியாக இருந்தால் நாக்கின் உட்பக்கம் ‘17’ என்று தன் நம்பர் முத்திரை. சரியில்லை என்றால் அந்த ச்சீ. பசை ஒரு சொட்டு வழிந்திருந்தால் போதும், செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி, ஒட்டியவர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே சிவப்புக் கூடையில் போடுவார். தையல் லைனில் இருக்கும் மோகனா ஒருமுறை அழுதேவிட்டாள்.

"நாலு வார்த்த திட்னாக்கூட வாங்கிக்கிறேன் பாய். அந்த ச்சீ மட்டும் வாணாம்."

பாஷா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பதினேழாம் நம்பர் முத்திரை விழுந்த ஒரு ஜோடிகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. சொந்தமாக வீடு கட்டியதைக்கூடப் பெருமையாகச் சொல்லாத ஆள், இதை மட்டும் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பார் என்று சொன்னால் கம்பெனியில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நிஜம். போகிற போக்கில் பார்ப்பதல்ல. உயிரை விட்டுப் பார்ப்பார்.

ஆரம்பம் மகளால். ஹுமேராவுக்கு நாலு வயதில் அம்மை போட்டிருந்தது. குழந்தை சொறிந்துகொள்ளாமல் இருக்க யாராவது கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாஷா பத்து நாள் லீவு போட்டுவிட்டு அந்த வேலையைச் செய்தார். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது. லொம்பு அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது. வெளிநாட்டில் செய்து தமிழில் பேசவைத்த கார்ட்டூன். லொம்பு ஒரு வெள்ளாட்டுக் குட்டி. எந்தக் கதவைப் பூட்டினாலும் திறந்துவிடும், எந்தச் சுவரிலும் ஏறிவிடும், ஏறிய பிறகு இறங்கத் தெரியாமல் ஊரைக் கூட்டும். மொத்தக் கதையும் அவ்வளவுதான். மூன்றாம் நாள் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். பாஷா கையை விடாமல் கடைசிவரை பார்த்தார். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை பள்ளிக்கூடம் போய், இப்போது வேலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். அவள் எப்போதோ லொம்புவை மறந்துவிட்டாள். அப்பன் மறக்கவில்லை.

நாலு படமும், டிவியில் வந்த எழுபத்தெட்டு கதையும் அவருக்கு அத்துப்படி. முதல் படத்தில் லொம்பு தன் தங்கச்சியைக் கிணற்றிலிருந்து இழுக்கும்போது இடது கொம்பு பாதியோடு உடைந்துபோகும். அதிலிருந்து வலது பக்கம்தான் அதற்குக் கனம். நேரான ரோட்டில் நடந்தாலும் தலை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். போய் எதிலாவது முட்டும். முட்டிவிட்டு, "யாரு இங்க சுவர வெச்சது?" என்று கோபமாகக் கேட்கும். எழுபத்தெட்டு கதையிலும் கேட்டிருக்கிறது. எழுபத்தெட்டு தடவையும் பாஷா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்.

நடுவில் ஒரு வருஷம் லொம்புவுக்குக் குரல் கொடுப்பவரை மாற்றிவிட்டார்கள். பாஷாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. "இது ஆடா? ஜலதோஷம் புடிச்ச கழுத மாதிரி கத்துது. ச்சீ!" என்று ரிமோட்டை சோபாவில் வீசினார். டிவிக்காரர்களுக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதமும் எழுதிப் போட்டார். கீழே பெயர் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘லிஃப்ட் ஓடாது’ என்று ஒரு காமெடித் தொடர் வரும். நாலு மாடிக் குடியிருப்பில் கெட்டுப்போன லிஃப்டை வைத்துக்கொண்டு ஏழு குடும்பம் படும் பாடு. அதையும் விடமாட்டார். மற்ற காமெடி என்றால் அவருக்கு எரியும். "ஆம்பளைக்குப் புடவ கட்டி வுட்டு, குண்டா இருக்கிற பொம்பளயப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிக்கிறானுங்க. இதெல்லாம் ஒரு பொயப்பா? இந்த லிஃப்ட்காரனுங்களப் பாரு. ஒருத்தனாவது சிரிப்பு வரணும்னு பேசறானா? அவனவன் வேலயப் பாக்குறான். நமக்குச் சிரிப்பு வருது" என்பார். கேட்பதற்கு வீட்டில் இருப்பது மனைவி அக்தரி பேகம் ஒருத்திதான். வீட்டில் உருதும் தமிழும் கலந்து ஓடும். அவள் இரண்டிலும் பெருமூச்சு விடுவாள்.

"ஊர்ல ஆம்பளைங்க இன்னான்னவோ பண்றாங்க. இவுரு உக்காந்து ஆட்டுக்குட்டி பாக்குறாரு. வுடு, பாக்கட்டும்" என்று மகளிடம் சொல்வாள்.

ஹுமேராவால் அப்படி விட முடியவில்லை. போன வருஷம் அவளுடைய தோழிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு பெண் ஏதோ படத்தைப் பற்றிப் பேச, பாஷாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. லொம்புவின் மூன்றாவது படத்தில் கடைசிக் கால்மணி நேரத்தை எழுந்து நின்று நடித்தே காட்டிவிட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு மகள் வந்தாள்.

"அப்பா, என் தோஸ்துங்க முன்னாடி இந்த லொம்பு கிம்பு எல்லாம் பேசாதீங்க. ஒரு மாதிரியா இருக்கு."

பாஷா தலையை ஆட்டினார். அந்த ‘ஒரு மாதிரி’ நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பெற்ற பிள்ளைக்கே ஒரு மாதிரி இருக்கிறதென்றால், கம்பெனியில் தெரிந்தால் என்ன ஆகும்? நினைத்தாலே அவருக்குக் கூசியது. அதன் பிறகு புதிதாக வந்த நாலாவது படம் பார்க்க வேலூர் போவதற்குத் திருப்பத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம் என்று சொல்லித்தான் லீவு கேட்டார்.

ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு நாள் அவர் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பேக்கிங்கில் இருக்கும் கோபி அவருக்குப் பக்கத்து மேஜை. முப்பது வயது, வாய் ஓயாதவன். ஒரு மத்தியானம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க, மூடியில் லொம்பு சிரித்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஒண்ணாங்கிளாஸா, எல்கேஜியா?" என்று ஒருத்தன் கேட்டான். கோபி அசடு வழிந்தான். "பையனோடது. அவசரத்துல மாறிப்போச்சு" என்றான். எல்லோரும் பாஷாவைப் பார்த்தார்கள். பாஷாவின் கண் மூடியிலேயே இருந்தது. அது மூன்றாவது படத்து லொம்பு. கழுத்தில் மணி இருந்தது. யாராவது தன் முகத்தைக் கவனித்துவிடுவார்களோ என்று பதறிப்போய், "ச்சீ! எருமமாடு வயசுல இன்னா கொயந்தத்தனம் இது" என்றார். கோபி மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான். மறுநாளிலிருந்து எவர்சில்வர் டப்பா.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான ஷூ, மூவாயிரத்து அறுநூறு ஜோடி. முன்பக்கம், விரல் வரும் இடத்துக்கு மேலே, எம்ப்ராய்டரியில் லொம்புவின் முகம்.

புரொடக்‌ஷன் மேனேஜர் சுப்பராயன் சாம்பிளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்ததும் பாஷா இரண்டு கையாலும் எடுத்தார். இந்தத் தொழிலில் சாம்பிளை ஜோடியாக அனுப்புவதில்லை. ஒற்றைக் கால்தான். இடது காலை மட்டும் தைத்து அனுப்புவார்கள், வெளிநாட்டில் பார்த்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள், அதைப் பார்த்து வலது காலைக் கம்பெனியே செய்துகொள்ளும். வந்திருந்தது அந்த இடது கால். லொம்பு அச்சாக இருந்தது. வலது கொம்பு முழுசு, இடது கொம்பு பாதி. உடைந்த இடத்தில் பிசிறுகூடத் தைத்திருந்தார்கள். பாஷா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாய், குறை ஒண்ணும் கெடைக்கலியா?" என்று சுப்பராயன் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் பாஷா. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு டீயில் மிதந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

வீட்டில் போய்ச் சொன்னார். அக்தரி பேகம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "லொம்புவோட மாமன் மச்சான் தோல உரிச்சி அதும்மேலயே லொம்பு மூஞ்சியத் தெக்கிறீங்களா? நல்லா இருக்கு போங்க" என்றாள். அவருக்கு அதுகூட உறைக்கவில்லை. எங்கோ கண் காணாத ஊரில் மூவாயிரத்து அறுநூறு பிள்ளைகள் காலில் லொம்பு நடக்கும், ஒவ்வொன்றின் நாக்குக்கு அடியிலும் தன் நம்பர் இருக்கும் என்ற நினைப்பிலேயே சாப்பிட்டு எழுந்தார்.

இருபது நாள் கழித்து முதல் ஜோடி மேஜைக்கு வந்தது. ஆசையோடு கையில் எடுத்தார். அடுத்த நொடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

இடது ஷூவில் லொம்பு லொம்புவாக இருந்தது. வலது ஷூவில் இருந்தது லொம்புவே அல்ல. வலது கொம்பு உடைந்து, இடது கொம்பு முழுசாக நின்றது. அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. நன்றாகத் தெரிந்த மனிதரின் முகத்தை யாரோ அறுத்து மாற்றி ஒட்டியதுபோல இருந்தது. என்ன நடந்தது என்று புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. இடதைத் திருப்பிப் போட்டால் வலது. தோல் வெட்டும் அச்சு, தையல் கோடு, எல்லாமே அந்தக் கணக்குதான். பழக்க தோஷத்தில் ஆட்டின் முகத்தையும் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சாம்பிள் ஒற்றைக் கால் என்பதால் வெளிநாட்டில் எவனும் வலது காலைப் பார்த்திருக்கவில்லை.

ஜோடியைத் தூக்கிக்கொண்டு சுப்பராயனிடம் போனார். மேனேஜர் பேக்கிங் மேஜை அருகில் நின்றிருந்தார். கோபி பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். மோகனாவும் இன்னும் இரண்டு பெண்களும் நூல் வாங்க வந்திருந்தார்கள்.

"சார், இந்த வலது கால்..."

"பசையா?"

"பசை இல்ல. மூஞ்சி. கொம்பு பாருங்க. இதுல ஒரு பக்கம் உடஞ்சிருக்குது, அதுல வேற பக்கம்."

சுப்பராயன் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "பாய், இடதத் திருப்பினாத்தான் வலது. இருவத்திரெண்டு வருசம் கழிச்சி இதுல டவுட்டா?" பெண்கள் சிரித்தார்கள். "சரி, நீங்க சொல்றீங்க, கேக்குறேன். இந்த ஆட்டுக்கு எந்தக் கொம்பு உடஞ்சிருக்கணும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மேனேஜர் சாதாரணமாகத்தான் கேட்டார். தெரியும் சார், நாலு படமும் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் இருபது தடவை பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை. மோகனா சிரித்த வாயை இன்னும் மூடவில்லை. கோபி பெட்டி மடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எருமைமாட்டு வயதில் குழந்தைத்தனம் என்று அவனைச் சொன்ன வாய் இதே வாய்தான்.

"சும்மாதான் கேட்டேன் சார்" என்றார் பாஷா.

"தோ பாருங்க, பேஜார் பண்ணாதீங்க. கன்டெய்னர் வர இன்னும் நாலு நாளுதான் இருக்குது. ஸ்டாம்ப அடிங்க."

அடித்தார். தையல் சுத்தம், பசை சுத்தம், குதிகால் சமம். லொம்பு மட்டும் பொய். ஒவ்வொரு தடவை முத்திரையை அழுத்தும்போதும் எச்சிலை விழுங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எண்ணூறு ஜோடி. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் விரலில் ஏதோ பிசுபிசுப்பதுபோலவே இருந்தது.

அன்றைக்கு வீட்டில் டிவி போடவில்லை. ஹுமேரா துளைத்துக் கேட்டதும் சொன்னார்.

"அய்யோ, நாளைக்கே போய்ச் சொல்லிடுங்கப்பா. இன்னும் பெட்டி போவல இல்ல?"

"இன்னான்னு சொல்றது? நான் வூட்ல உக்காந்து கார்ட்டூன் பாக்குறேன்னா? சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்க நம்பர் போச்சின்னா?"

"உன் தோஸ்துங்க முன்னாடி பேசாதேன்னு நீதான சொன்ன. ஒரு மாதிரியா இருக்குன்னு."

மகளுக்கு முகம் செத்துப்போனது. "அது வேறப்பா" என்றாள். பாஷா படுக்கப் போய்விட்டார். மறுநாள் போய்ச் சொல்லவும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் கடைசி ஜோடியிலும் பதினேழு விழுந்தது.

கன்டெய்னர் ஏற்றும் முன்னால் ஷூ வாங்கும் பையர் தரப்பில் ஒருவர் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். சென்னையிலிருந்து பூர்ணிமா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் பெட்டியைத் திறந்தாள். ஒரு பார்வைதான்.

"ஐயய்யோ! லொம்புவுக்கு ரைட் கொம்பு உடஞ்சிருக்கு!"

அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று பிரித்தாள். போனில் யாரிடமோ அரை மணி நேரம் பேசினாள். திரும்பி வந்து முடிவைச் சொன்னாள். ஒரு ஜோடிகூட வேண்டாம். வலது காலை மட்டும் புதிதாகத் தைக்கலாம் என்றால் வேறு லாட் தோலில் நிறம் சேராது. உள்ளூர்ச் சந்தையில் மலிவாகத் தள்ளவும் முடியாது, படக்காரர்கள் கேஸ் போடுவார்கள். அத்தனை ஷூவிலும் முகத்தைக் கத்தியால் கிழித்துப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இடது, வலது எல்லாமே.

பூர்ணிமா ஒரு ஷூவின் நாக்கை மடக்கிப் பார்த்தாள். "பதினேழு யாரு?"

பாஷா முன்னால் வந்து நின்றார். அந்தப் பெண்ணின் பையில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ரப்பரில் செய்த குட்டி லொம்பு. மணி கட்டிய மூன்றாவது படத்து லொம்பு. இவ்வளவு பெரிய பெண், சென்னையில் ஆபீசர், எல்லோரும் பார்க்க அதைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"உங்களுக்கு லொம்புவத் தெரியாதா சார்?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"தெரியாதும்மா" என்றார் ஆபித் பாஷா.

சுப்பராயன் குறுக்கே வந்தார். "மேடம், அவுரு பாவம். வயசானவரு, தொழுக உண்டு வேல உண்டுன்னு இருக்கிற ஆளு. கார்ட்டூனா பாத்துக்கினு இருப்பாரு? எங்க எம்ப்ராய்டரி ஆளுங்க தப்பு. பாய நான் குத்தம் சொல்லமாட்டேன்."

அந்தத் ‘தெரியாது’ அவரைக் காப்பாற்றிவிட்டது. மெமோ எம்ப்ராய்டரி பிரிவுக்குப் போனது. பாஷாவை எவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இரண்டு பேர் வந்து தோளைத் தட்டி, "வுடுங்க பாய், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஆறுதல் வேறு சொன்னார்கள். அவருக்குத் தன் தோளே அருவருப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக யார் யாரையோ பார்த்துச் சொன்ன ச்சீயெல்லாம் திரும்பி வந்து தொண்டையில் அடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை குடோனில் கிழிக்கிற வேலை. தோல் சீவும் வளைந்த கத்தியைப் பத்துப் பேருக்குக் கொடுத்தார்கள். பாஷாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகப் போய் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே மோகனா. பக்கத்தில் கோபி. சுப்பராயன் போனை வைத்துக்கொண்டு குவியலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வலது காலைக் கிழிப்பது சுலபமாக இருந்தது. அந்தப் பொய் மூஞ்சியின் குறுக்கே கத்தியை இழுக்கக் கை தயங்கவில்லை. இடது கால் வந்தால்தான் கை நின்றது. அதில் இருப்பது லொம்புவேதான். பத்து நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே முகம். நெற்றியில் ஆரம்பித்து மூக்குவரை இழுக்க வேண்டும். நூல் அறுபடும் சத்தம் கேட்கும். இழுத்தார். அடுத்ததை எடுத்தார். இழுத்தார். பத்து மணி டீ வந்தபோது எவரும் எழுந்திருக்கவில்லை.

கோபி ஒரு இடது காலைக் கையில் வைத்துக்கொண்டு கிழிக்காமல் உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாத ஆள், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாய்" என்றான் கடைசியில், தலையைத் தூக்காமல். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வலது கால் தப்புன்னு. மொத ஜோடி பாத்தப்பவே தெரியும். நான் அல்லாத்தையும் பாத்திருக்கேன் பாய். பையன் சாக்குதான். அந்த டப்பாகூட என்னோடதுதான், நானே ஆசப்பட்டு வாங்கினேன். நீங்க சார்கிட்ட கேட்டீங்களே, அப்பவே வாயத் தொறந்து சொல்லிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சு."

"ஏன்டா சொல்லல?"

கோபி நிமிர்ந்தான். "எல்லாரும் சிரிச்சா நான் தாங்கிப்பேன் பாய். நீங்க ச்சீன்னு சொல்லுவீங்க. அதான் சொல்லல."

பாஷாவின் கையிலிருந்த கத்தி நின்றது. இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து மேஜையில், நாலு நாளாக, ஒரே ஷூவை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இவர் முத்திரை அடிக்க, அவன் பெட்டியில் வைத்து மூடியிருக்கிறான்.

"ச்சீ" என்றார் பாஷா.

கோபியின் முகம் சுண்டிப்போனது. சட்டென்று குனிந்து கத்தியை எடுத்தான்.

"உன்ன இல்லடா" என்றார் பாஷா. குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "என்னச் சொன்னேன். எனக்கும் தெரியும். மொத படத்துல, தங்கச்சியக் கெணத்துலருந்து இழுக்கும்போது உடையுது. இடது கொம்பு. அதனாலதான் அது வலது பக்கமா சாஞ்சி சாஞ்சி போவும். போயி முட்டிக்கினு, யாரு இங்க சுவர வெச்சதுன்னு கேக்கும்."

அந்தச் சுவர்க் கேள்வியை அவர் தன் குரலில் சொல்லவில்லை. லொம்புவின் குரலிலேயே கேட்டுவிட்டார். பதினைந்து வருஷமாக வீட்டுக்குள் மட்டும் வந்த குரல், அத்தனை பேருக்கு நடுவில், குடோன் தகரக்கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

மோகனா கையில் பாதி கிழித்த ஷூவோடு அவரையே பார்த்தாள். சுப்பராயன் போனைக் கீழே இறக்கினார். பத்துப் பேரும் கத்தியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாஷா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை நாள் எந்தச் சிரிப்புக்குப் பயந்து முத்திரை அடித்தாரோ, அது இப்போது வரும், வந்து தொலையட்டும் என்று காத்திருந்தார்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

பாஷா குனிந்து அடுத்த இடது காலை எடுத்தார்.